பின்ஃபோல்ட் வார்டுக் கல்யாணம்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் தலையெழுத்தையே திருப்பிப் போடக்கூடியதும், இனி வரும் தலைமுறைகள் எழுந்து நின்று நினைவுகூரப் போவதுமான மகத்தான சம்பவம் ஒன்று, நவம்பர் முதல் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிராக்கன்ஷா நகரத்தில் நிகழவிருக்கிறது. பின்ஃபோல்ட் வார்டுக்கு ஒரு நகரசபை உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுவார்.

நகரசபைச் சேவகன் மணியை ஆட்டி ஆட்டி இதைப் படித்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பிராக்கன்ஷாவில் மழை கறுப்பாகத்தான் பெய்யும். ஆலைப் புகைபோக்கிகளைக் கழுவிக்கொண்டுதான் அது தரைக்கு வரும். சுற்றிலும் வீடுகள் நெருக்கி நின்ற பின்ஃபோல்ட் முற்றத்தில் காயப்போட்டிருந்த துணிகளைப் பெண்கள் ஓடிவந்து உருவினார்கள். சேவகனை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவன் படித்து முடித்து, அடிபம்பில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப் போனான். பிறகு எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

கெஸையா ஷோராக் வீட்டுக்குள் உருளை மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை இரண்டு மர உருளைகளுக்கு நடுவில் விட்டுச் சுற்றினால் மறுபக்கம் பலகைபோல மழமழவென்று வரும். புருஷன் சாயப்பட்டறைத் தொட்டியில் விழுந்து செத்தபோது முற்றத்து ஜனங்கள் தலைக்குக் கொஞ்சம் போட்டு அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அது. அந்த ஊரில் விதவைக்குச் சீர் என்றால் அதுதான். அடக்கச் சோறு சாப்பிட்டுக் கை கழுவின கையோடு மெஷினைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் அவள் அழுவதற்கு வீட்டில் இடம் இருக்காது.

அந்த மெஷினால் கெஸையாவுக்கு விசித்திரமான ஒரு சொத்தும் சேர்ந்திருந்தது. பின்ஃபோல்ட் முற்றம் முழுவதிலும் ஓட்டு இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

ஆண்களுக்கு இல்லையா என்றால், இருந்தது. போன குளிர்காலத்தில் ஆலைகள் மூடிக் கிடந்தபோது அவர்கள் தர்மச் சபையில் ரொட்டி வாங்கித் தின்றார்கள், ஓட்டு போயிற்று. ரொட்டி வாங்காமல் பல்லைக் கடித்துக் கிடந்தவன் பிள்ளைக்குச் சபை வைத்தியரிடம் ஒரு கரண்டி கஷாயம் வாங்கினான். அவன் ஓட்டும் போயிற்று. தர்மத்தில் இருமல் நின்றவனுக்கு ஊராளும் யோக்கியதை இல்லை என்பது சட்டம். சாராயத்தில் ஊரையே இரும வைத்தவர்களுக்கு அந்த யோக்கியதை தாராளமாக இருந்தது. கெஸையா மெஷினைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இறங்கிப்போனாளே தவிர, சபை வாசலை மிதிக்கவில்லை. வீட்டு வரி கட்டுகிற பெண், அவள் கன்னியாகவோ விதவையாகவோ இருக்கும் பட்சத்தில், நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று சில வருஷங்களுக்கு முன்னால் சட்டம் வந்திருந்தது. புருஷன் இருக்கிறவளுக்குக் கிடையாது. புருஷன் இருந்தால் மூளை அவனிடம் போய்விடும் என்பது பெரியவர்களின் கணிப்பு.

"கேட்டியாடி?" என்று பக்கத்து வீட்டு பெக் டக்வொர்த் ஈரத் துணி மூட்டையோடு உள்ளே வந்தாள். ஆலையில் தறி இரைச்சலில் வளர்ந்தவள். காதோடு சொல்லும் ரகசியமும் தெருக்கோடி வரை கேட்கும். "மறுபடியும் கிராப்ட்ரீயாம். எதிர்த்து நிக்கிறது பஞ்சாலை ராக் முதலாளியாம். ஒருத்தன் பீர் காய்ச்சுறவன், ஒருத்தன் பீரே குடிக்காதவன். நமக்கு என்னடி வித்தியாசம்?"

"ராக் தண்ணிக் குழா போடுறேன்னு சொல்றாருக்கா."

"சொல்றதுக்கு வாய் போதும். குழாய்க்கு இரும்பு வேணும்."

கெஸையா அடுத்த துணியை உருளைக்குள் விட்டுச் சுற்றினாள். மூலையில் கிடந்த கட்டிலில் அவள் மகள் சபைனா சுருண்டு படுத்திருந்தாள். எட்டு வயது. காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன ஆகஸ்டில் அதே கட்டிலில் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான் அவள் தம்பி டோபி. கிடந்தவன் எழுந்திருக்கவில்லை. முற்றத்தில் அந்த மாதம் போன பிள்ளைகளில் அவன் ஒருவன்.

முற்றத்தின் நடுவே அடிபம்பு. அதற்குப் பத்தடி தள்ளி அத்தனை வீட்டுக்கும் பொதுவான கக்கூஸ் குழி. மழை பெய்தால் குழி நிறையும். குழி நிறைந்தால் பம்புத் தண்ணீருக்கு ஒரு நிறமும் தித்திப்பும் வரும். மலைமேலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் நகரசபைக் குழாய் பெரிய தெரு வரைக்கும் வந்து, கிராப்ட்ரீயின் பீர்ப் பட்டறைக்குள் நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டது. முற்றத்து வீடுகளும் கிராப்ட்ரீக்குச் சொந்தமானவைதாம். டோபி போனதிலிருந்து கெஸையா மகளுக்குக் குடிக்க மட்டும் சாப்பல் தெருவரை நடந்துபோய் ஒரு வாளி கொண்டுவந்தாள். துவைக்கிறதற்கெல்லாம் பம்புதான். பிள்ளை, வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் வாளியைத் தேடுமா, பம்பை அடிக்குமா?

"குழா வந்துட்டாப் போதுங்க்கா," என்றாள். "வேற எவன் ஜெயிச்சா என்ன."

---

கிராப்ட்ரீ ஓட்டுக் கேட்க வந்த நாள் முற்றத்தில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

பீர்ப்பீப்பாய் ஏற்றும் வண்டியில் நீலத் துணி கட்டி, அதன்மேல் நின்றுதான் பேசினார். பெரிய வயிறு, வயிற்றின் குறுக்கே தங்கச் சங்கிலி. பக்கத்தில் அவர் ஏஜென்ட் லம்ப், ஒடிசலான ஆள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சரியான இடங்களில் கைதட்டினான்.

"அன்பார்ந்த பின்ஃபோல்ட் மக்களே! குழாய், குழாய் என்கிறார்களே, உங்கள் பாட்டன் குடித்தது குழாய்த் தண்ணீரா? வாட்டர்லூவில் வென்றவன் குடித்தது குழாய்த் தண்ணீரா? இந்த பம்பு என் தாத்தா போட்டது. இதில் ஊறுவது இங்கிலாந்தின் தண்ணீர்!"

கெஸையா ஒரு கண்ணாடி டம்ளரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். டம்ளர் பெக் வீட்டுடையது. முற்றத்திலேயே கீறல் இல்லாத டம்ளர் அதுதான்.

"தொண்டை காஞ்சிருக்குமே அய்யா. உங்க தாத்தா தண்ணி. குடிங்க."

கூட்டம் எட்டிப் பார்த்தது. கிராப்ட்ரீ டம்ளரை வாங்கினார். வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தாத்தாவின் தியாகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார். டம்ளர் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறிற்று.

"குடியுமய்யா, சூடு ஆறிடப் போவுது!" என்று எவனோ கத்தினான்.

கிராப்ட்ரீ நெஞ்சில் கை வைத்தார். குரல் தழுதழுத்தது. "ஓர் ஏழை விதவை தன் கையால் தந்த இந்தத் தண்ணீரை அருந்தித் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. இதை நான் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்."

லம்ப் கைதட்டினான். டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டான். வண்டி நகர்ந்தது.

"என் டம்ளருய்யா!" என்று பெக் தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடினாள். டம்ளர் போனது போனதுதான்.

---

கெஸையாவுக்கும் ஈனாக் டாட்டர்சாலுக்கும் தேவாலயத்தில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு ஊரறிய வாசித்தால்தான் கல்யாணம். இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. மூன்றாவது ஓலை அக்டோபர் கடைசி நாள். கல்யாணத்தை நவம்பர் மத்தியில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசியிருந்தார்கள்.

ஈனாக் நகரசபையின் கழிவு வண்டிக்காரன். ஊர் தூங்கும்போது ஊரின் குழிகளை அள்ளி வண்டியேற்றி, ஊர் எழுந்திருக்கும்போது வீட்டுக்குப் போய்க் குளிப்பவன். நிதானமான ஆள். அவன் மெழுகுச் சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் வாசனை முழுக்கப் போகாது. "எனக்கு மூக்கு எப்பவோ செத்துப்போச்சு, பயப்படாத," என்று கெஸையா சொன்ன அன்றைக்குத்தான் அவன் தைரியம் வந்து கல்யாணத்தைப் பற்றிக் கேட்டான்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவன் முகமெல்லாம் பல்லாக வந்தான். கையில் ஒரு பொட்டலம் ஆட்டுக்குடல், வெங்காயத்தோடு வேகவைத்தது.

"புள்ள, நம்ம கஷ்டம் தீர்ந்துச்சு! லம்ப் அய்யா என்னைத் தேடி வந்தாரு. லாயத்துக்கே வந்தாரு, மூக்கைக்கூடப் பொத்தல! கிராப்ட்ரீ அய்யாதான கழிவு இலாகாவுக்குத் தலைவரு? என்னை மேஸ்திரி ஆக்கப் போறாங்களாம். இனிமே நான் அள்ள வேண்டாம். அள்ளுறவனை மேய்ச்சாப் போதும்."

"எதுக்காம்?"

"எதுக்குன்னா? நல்ல மனசுதான். நம்ம கல்யாணத்தையும் அவங்களே நடத்தி வைக்கிறாங்களாம். மாட்டிறைச்சி வறுவல், பிளம் கேக்கு, ஒரு பீப்பாய் பீரு. கோச் வண்டிகூட வருமாம், புள்ள. கோச் வண்டி!"

"எப்ப?"

"வர்ற திங்கக்கிழமை. காலைல எட்டு மணிக்கு. ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை முடிஞ்சுடுதுல்ல, அதான்."

கெஸையா குடலைத் தட்டில் பிரித்து வைத்தாள். சபைனாவுக்குக் கொஞ்சம் ஓட்ஸ் ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டினாள். பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் தேவலை. 'திங்கட்கிழமை ஓட்டுப் போடுகிற நாளாயிற்றே' என்று மட்டும் அவளுக்குத் தோன்றிற்று. எட்டு மணிக்குக் கல்யாணம், ஒன்பது மணிக்கு ஓட்டு. கோச்சிலேயே போகலாம். பெயர்தான் பட்டியலில் ஏறிவிட்டதே, அவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பீர் காய்ச்சுகிறவனுக்கும் எப்போதாவது நல்ல மனசு வரக்கூடாதா என்ன?

மறுநாள் ராக் முதலாளியின் மனைவி வந்தாள். பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்து, உட்காரச் சொன்ன நாற்காலியைப் பார்த்துவிட்டு, நின்றே பேசினாள்.

"கெஸையா, எனக்கு உன்மேல எவ்வளவு அக்கறைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாதுங்களே அம்மா. இப்பத்தான பாக்கிறோம்."

"ஆண்டவருக்குத் தெரியும். கல்யாணத்தைத் தள்ளிப்போடு, அம்மா. ஒரே ஒரு நாள். அன்னைக்கு மட்டும் விதவையா இரு."

"அப்படி என்னங்க இருக்கு அந்த ஒரு நாள்ல?"

"உனக்குச் சொல்லலையா? எட்டு மணிக்கு மோதிரம் ஏறிச்சுன்னா ஒன்பது மணிக்கு உனக்கு ஓட்டு இல்ல. பேரு பட்டியல்ல இருந்தாலும் இல்ல. புருஷன் இருக்கிறவளுக்கு ஓட்டுக் கிடையாதுன்னு கோர்ட்டுல தீர்ப்பு ஆயிருக்கு. கிராப்ட்ரீ உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலடி, உன் ஓட்டைக் கட்டிக் கொடுத்து வழியனுப்பி வைக்கிறார்."

கெஸையாவின் கை உருளைப் பிடியில் நின்றுவிட்டது. கோச் வண்டி, பிளம் கேக், மேஸ்திரி வேலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் அர்த்தமாயின. மாட்டிறைச்சி வறுவலோடு அவளைப் பரிமாற ஏற்பாடாகியிருக்கிறது.

"போன தடவை ரெண்டு பக்கமும் எவ்வளவு நெருக்கம்னு தெரியும்ல? ஒரு ஓட்டும் லேசு இல்ல," என்றாள் திருமதி ராக்.

"உங்க வீட்டு அய்யா ஜெயிச்சா எங்களுக்குக் குழா வருமா?"

"அதுதான் அவர் முதல் வேலை."

"சத்தியமா?"

திருமதி ராக்குக்கு முகம் சிவந்தது. "நாங்க சாப்பல்காரங்க, ஊர்க் கோயில்ல சேராத தனிச் சபை. சத்தியம் பண்ண மாட்டோம். சொன்னாலே சத்தியம்தான்," என்றாள். போகும்போது கேக்குத் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அதில் திராட்சை ரொம்பக் குறைவு.

---

"பதினோரு மணிக்கு வச்சுக்கலாம்," என்றாள் கெஸையா. "சட்டப்படி மத்தியானத்துக்குள்ள முடிஞ்சாச் சரிதான? ஓட்டைப் போட்டுட்டு நேரா கோயிலுக்கு வர்றேன்."

ஈனாக் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். "கேட்டேன் புள்ள. பதினோரு மணிக்குப் பாதிரியாருக்கு அடக்கம் இருக்காம்."

"யாரு செத்தா?"

"அது இன்னும் தெரியலையாம்."

கெஸையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"லம்ப் முகம் கொடுத்துப் பேசலை இன்னைக்கு. எட்டு மணின்னா மேஸ்திரி, இல்லன்னா வண்டியும் இல்லைங்கிறான். புள்ள, அந்தக் குளிர்காலத்துல நான் தர்மச்சாலை முத்தத்துல கல்லு உடைச்சேன். ஒரு ரொட்டிக்கு. கை வெடிச்சு ரத்தம் கல்லுல ஒட்டிக்கும். காலைல அதே கல்லுல உக்காரணும். மறுபடியும் அங்க என்னைப் போகச் சொல்றியா? ஒரு ஓட்டுக்கா? ஓட்டு அடுப்புல எரியுமா?"

"பம்புத் தண்ணிதான் டோபியைக் கொண்டுபோச்சு."

"எனக்குத் தெரியாதா? குழியை அள்ளுறவன் நான். குழியில இருக்கிறது பம்புக்குப் போறது எனக்குத் தெரியாதா?" அவன் தொப்பியை முழங்காலில் அடித்தான். "ராக்கு குழா போடுவான்னு என்ன நிச்சயம்? மேஸ்திரி வேலை நிச்சயம்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கெஸையாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஊரில் இரண்டு பெரிய மனுஷர்கள் நாற்காலி பிடிக்க, சண்டை வந்தது ஒரு கழிவு வண்டிக்காரனுக்கும் உருளை சுற்றுகிறவளுக்கும். பீர்ப் பட்டறைக்கும் பஞ்சாலைக்கும் நடுவில் தூக்கம் கெடாமல் இருந்தது அந்தப் பெரிய மனுஷர்கள் இருவருக்கும்தான்.

"சரி. எட்டு மணிக்கே வர்றேன்," என்றாள் கடைசியில்.

ஈனாக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அந்தக் கை வெந்த தோல்போல இருந்தது.

---

திங்கட்கிழமை விடிந்ததே தெரியவில்லை. பனிமூட்டம் புகையோடு கலந்து தெருவிளக்குகளை மஞ்சள் கறைகளாக்கியிருந்தது. கோச் வந்தது; குதிரைகளின் காதில் நீல ரிப்பன். கெஸையா தன் ஒரே நல்ல உடையில், பெக் கடன் கொடுத்த தொப்பியில், சபைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"குதிரைக்கெல்லாம் ரிப்பன் கட்டியிருக்கானுங்க, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று பெக் லம்பைக் கேட்டாள்.

"இருக்கும்மா," என்று லம்ப் பல்லைக் காட்டி, ஒரு நீல ரிப்பனை எடுத்து ஈனாக்கின் கோட்டில் குத்தினான்.

தேவாலயத்தில் குளிர் எலும்பைக் குத்திற்று. முன்வரிசையில் கிராப்ட்ரீயே உட்கார்ந்திருந்தார், பெண்ணைப் பெற்றவர் மாதிரி. பக்கத்தில் லம்ப், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதிரியார் ரெவரெண்ட் பில்கிங்டன் தூக்கக் கலக்கத்தோடு புத்தகத்தைப் பிரித்தார். அவருடைய கோயில் கூரைக்குக் கிராப்ட்ரீ ஈயத் தகடு வாங்கிக் கொடுத்திருந்தார். மழை பெய்யும்போதெல்லாம் பாதிரியாருக்கு நன்றி சுரக்கும்.

வாசிப்பு வேகமாகப் போயிற்று. "இவ்விருவரும் விவாகத்தில் இணையக்கூடாதென்பதற்கு நியாயமான தடை எதையேனும் அறிந்தவர் எவரேனும் இருந்தால் இப்போதே சொல்லக்கடவர்."

அந்த இடத்தில் பாதிரியார்கள் மூச்சுவிட்டுக்கொள்வார்கள். யாரும் பேசுவதில்லை. பில்கிங்டன் மூச்சுவிட்டார்.

சபைனா இருமினாள். வயிற்றிலிருந்து கிளம்பின மாதிரி ஓர் இருமல். பிறகு அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வலிக்குது," என்றாள்.

"எனக்குத் தெரியும் ஒரு தடை," என்றாள் கெஸையா.

பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு பேசினது?"

"நான்தாங்க அய்யா. பொண்ணு."

"பெண் தடை சொல்லக்கூடாதம்மா!"

"எவரேனும்னு இப்பத்தான படிச்சீங்க? நான் எவரேனும் இல்லையா?"

பாதிரியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பெண் தடை சொல்லக்கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று தோன்றியே இருக்காது. "என்ன தடை?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"நான் இன்னும் ஓட்டுப் போடலைங்க."

"அது தடையே கிடையாது!" என்று லம்ப் எழுந்து குதித்தான். "சட்டப்படி தடைன்னா முதல் புருஷன் உயிரோட இருக்கணும், இல்ல ரத்த சம்பந்தம் இருக்கணும்!"

"ரத்த சம்பந்தந்தான். என் பிள்ளை வயித்துல போகுது ரத்தம், உங்க அய்யா தாத்தா தண்ணியில." அவள் திரும்பிக் கிராப்ட்ரீயைப் பார்த்தாள். "எட்டு மணிக்கு எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்னு எத்தனை துடிப்பு அய்யா உங்களுக்கு! எங்க டோபியைப் பொட்டியில வச்சு இதே கோயிலுக்குத்தான் கொண்டாந்தோம். அன்னைக்கு அனுப்பினீங்களா கோச்சு? முத்தத்துல வரிசையா பிள்ளைங்க போச்சே, ஒரு பொட்டிக்காச்சும் ரிப்பன் கட்டினீங்களா? ஒரு ஓட்டுக்கு மாட்டிறைச்சி வறுவல். ஒரு உசிருக்கு ஒரு முழக் குழாகூடக் கிடையாதா?"

கிராப்ட்ரீ சங்கிலியைத் தடவினார். "பாவம், கல்யாணப் பதற்றம்," என்றார் பாதிரியாரிடம்.

கெஸையா ஈனாக்கின் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. "உன்மேல எனக்கு ஒரு தடையும் இல்ல ஈனாக்கு," என்றாள். "நீ என்னை மன்னிக்க வேண்டாம். பதினோரு மணிக்கு வாசல்ல நிக்கிறேன். இருந்தா இரு."

சபைனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கோச் வண்டிக்காரன், ஓட்டுச் சாவடிக்குக் கொண்டுபோய்விடத் தனக்கு உத்தரவு இல்லை என்றான். அவள் பனிமூட்டத்தில் நடந்தே போனாள். பள்ளிக்கூட வாசலில் திறப்பதற்காகக் காத்துநின்ற ஆண்கள் கல்யாணத் தொப்பியோடும் பிள்ளையோடும் வந்தவளைப் பார்த்துச் சீட்டியடித்தார்கள். "ஏ மணப்பொண்ணு, வழி தவறிட்டியா? கோயில் அந்தப் பக்கம்!" ஒன்பது அடித்ததும் அதிகாரி, "நீ பட்டியலில் உள்ள விதவை கெஸையா ஷோராக்தானா?" என்று கேட்டார். "ஆமாங்க. இன்னும் விதவைதான்," என்றாள். திரைக்குப் பின்னால் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். குறி காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது.

வெளியே வந்தபோது சுவரோரம் ஈனாக் நின்றான். கோட்டில் ரிப்பன் குத்தின இடத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. சபைனாவைக் கை மாற்றி வாங்கிக்கொண்டான்.

"வேலை?" என்றாள்.

"போச்சு. கோயில் வாசல்லயே சொல்லிட்டான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னான்: "அந்த லம்ப் மூஞ்சி போன போக்கைப் பாத்தியா நீ? ஆயுசுக்கும் போதும் புள்ள எனக்கு."

பதினோரு மணிக்கு அடக்கம் ஒன்றும் வரவில்லை; பாதிரியாருக்குத்தான் திடீரென்று உடம்பு முடியாமல் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை இன்னொரு பேட்டைக் கோயிலில் வேறு ஒரு பாதிரியார் அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ஓலை வாசித்த சீட்டைக் காட்டியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. விருந்துக்குப் பன்றிக்கால் சூப்பு.

---

ராக் ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தார்.

தேர்தலன்று சாயங்காலமே மஞ்சள் ரிப்பனோடு பாண்டு வாத்தியம் முற்றத்துக்குள் வந்தது. ராக் முதலாளி கறுப்புக் கோட்டில், ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "சகோதரி கெஸையாவின் ஓட்டு ஒரு சாதாரண ஓட்டல்ல, அது மனசாட்சியின் குரல்!" என்றார். எல்லாருக்கும் டீயும் பன்னும். முற்றத்தில் பெண்கள் அழுதார்கள். பெக் கூட அழுதாள். அழுதுகொண்டே, "குழாய் எந்தப் பக்கம் வைக்கப் போறாரு, கேளுடி," என்று கெஸையாவைக் கிள்ளினாள். அது வாத்தியச் சத்தத்தையும் மீறி ராக்குக்குக் கேட்டது.

"எந்தப் பக்கம் வேண்டும், நீங்களே சொல்லுங்கள்!" என்றார் ராக்.

முற்றம் ஒரு வாரம் அதைத்தான் பேசிற்று. பம்பு இருந்த இடத்திலா, கெஸையா வீட்டு வாசலிலா? இரண்டு வீடுகள் அதைப் பற்றிச் சண்டையே போட்டுக்கொண்டன.

நவம்பர் ஒன்பதாம் தேதி நகரசபை கூடியது. அன்றைக்கு நகர மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மூப்பர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர் அல்ல. உறுப்பினர்களே கையைத் தூக்கி உட்கார வைக்கிறவர். ஆறு வருஷத்துக்கு அவரை அசைக்க முடியாது. தெருவில் தோற்றவனை மாடியில் ஏற்றி உட்கார வைக்க ஏற்பட்ட ஓர் அழகான ஏணி அது.

வேலை தேடிப் போன ஈனாக் செய்தியோடு திரும்பி வந்தான். கெஸையா ஈரக் கையைத் துடைக்கவும் நிற்கவில்லை. கெஸையா நகரசபை மண்டபத்துப் படிக்கட்டை அடைந்தபோது கூட்டம் முடிந்து பெரியவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ராக்கும் கிராப்ட்ரீயும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் நல்ல சாப்பாடு ஆகியிருந்தது.

"அய்யா," என்றாள் கெஸையா. "இவரை மூப்பராக்கச் சொல்லி எழுந்து நின்னது நீங்கதான்னு சொல்றாங்களே. நிஜமா?"

ராக் கனிவாகச் சிரித்தார். "தேர்தல் கசப்பைத் தேர்தலோடு மறந்துவிட வேண்டும், அம்மா. நகரத்தின் ஒற்றுமை முக்கியம். திரு. கிராப்ட்ரீயின் அனுபவத்தை நகரம் இழக்கலாமா?"

"குழா?"

"தண்ணீர்க் கமிட்டியைக் கேட்க வேண்டும். அதற்குத் தலைவர்," என்று கைகோத்திருந்த ஆளைக் காட்டினார், "மூப்பர் கிராப்ட்ரீ."

"எங்க தண்ணிக்கு இவரையா தலைவராப் போட்டீங்க? பிள்ளையைக் கொன்னவன்கிட்டயே பிள்ளையைக் குளிப்பாட்டக் கொடுத்த மாதிரி இல்ல இருக்கு! எம் புருஷன் வேலை போச்சு. எனக்குக் கல்யாணம் கோயில் வாசல்லயே நின்னுச்சு. எதுக்காக? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதுக்கா?"

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கிராப்ட்ரீ மரியாதையோடு தொப்பியைத் தொட்டார். "இப்போது திருமதி டாட்டர்சால் அல்லவா?" என்றார். "வாழ்த்துக்கள். உன் புருஷனுக்கு ஏதாவது குறை இருந்தால் அவரையே மனு எழுதச் சொல்லம்மா. வாக்காளர்களின் மனுவை நாங்கள் உடனே கவனிப்போம்."

"அவருக்கு ஓட்டு இல்ல. தர்ம ரொட்டி தின்னவரு."

"அப்படியா?" என்றார் ராக் உண்மையான வருத்தத்தோடு. "அடடா."

இருவரும் கோச்சில் ஏறினார்கள்.

தண்ணீர்க் கமிட்டி குளிர்காலம் முழுக்கக் கூடியது. பின்ஃபோல்ட் முற்றத்தின் தண்ணீர்ப் பிரச்சினையை நேரில் கண்டறிய ஒரு துணைக்கமிட்டி அமைத்தது. துணைக்கமிட்டி வந்து பார்த்தது. முற்றத்து ஜனங்களின் சுகாதாரத்தில் நகரசபைக்குள்ள தீராத அக்கறையைத் தீர்மானமாகப் பதிவு செய்தது. வசந்த காலத்தில் அடிபம்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள்.